குண்டம்மாவின் தண்ணீர்க் கிண்ணம்

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவர்களே, நாய்களோடு வந்து வாசலோரம் நிற்கும் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

மறைந்த நம் கால்நடை டாக்டர் அம்மாவைப் பற்றிப் பேச வேண்டியவள், அவர்களிடம் உதவி டாக்டராக இருந்த என் பேத்தி. எழுந்தாள், மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் வந்திருக்கிறேன்.

இந்தத் தெருக்களில் பெண் நாய்க்குக் குட்டி போடாமலிருக்க ஆபரேஷன் என்றால் யார் கை? அம்மாவின் கைதான். தையல் போட்ட இடம் தேடினாலும் தெரியாது. தன் வீட்டு நாய்க்கும் அவர்களேதான் செய்தார்கள். சில வருஷத்தில் அதற்குத் தொப்பை விழுந்தது. "குண்டம்மா" என்று அம்மாவே பேர் வைத்தார்கள். நாமும் அப்படியே கூப்பிட்டோம், சிரித்தோம்.

ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போன என் பேத்தி கேட்டிருக்கிறாள்.

"மேடம், குண்டம்மா ஏன் இவ்வளவு தண்ணி குடிக்கிறா?"

"வெயில் காலம். நீயுந்தான் குடிக்கிற."

"ரெண்டு விலாப் பக்கமும் முடி கொட்டியிருக்கே?"

"வயசாச்சுல்ல. உனக்கும் கொட்டும், பொறு."

என் பேத்தி விடவில்லை. விடுகிற வம்சமா நாங்கள்? ரத்தம் எடுத்தார்கள், வயிற்றை ஸ்கேன் செய்தார்கள். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற சுரப்பி வீங்கியிருந்தது.

அம்மா எனக்கும் புரியும்படி சொன்னார்கள். "சினைப்பையை எடுத்துட்டோம் பாட்டி. ஆனா அதுக்கு மூளை அனுப்புற உத்தரவு நிக்கல, இன்னும் அதிகமாத்தான் போகுது. சில நாய்ங்களுக்கு அந்த உத்தரவை இந்தச் சுரப்பி வாங்கிக்கிட்டு, தேவையில்லாம வேலை செய்யுதோன்னு சந்தேகம். உறுதியா சொல்ல முடியல." குண்டம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார்கள். "என் வீட்டுலயே இருந்துச்சு. நான் பேர் வெச்சுச் சிரிச்சேன்."

அதற்குப் பிறகு வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். குண்டம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆபரேஷனை நிறுத்தினார்களா? இல்லை. ஆபரேஷன் செய்யாமல் விட்டு, கர்ப்பப்பையில் சீழ் பிடித்துச் செத்த நாய்களைப் பார்த்தவர்கள் அவர்கள். தைத்து அனுப்பினால் வேலை முடிந்தது என்று நினைப்பதைத்தான் நிறுத்தினார்கள். தான் ஆபரேஷன் செய்த நாய்களையெல்லாம் திரும்பக் கூட்டிவரச் சொல்லி வீடுவீடாகப் போன் போட்டார்கள். நாம் என்ன சொன்னோம்? "நல்லா சாப்பிடுது டாக்டர், கொழுகொழுன்னு இருக்கு." ஞாயிற்றுக்கிழமை காலையில், எந்த நாய் எவ்வளவு குடிக்கிறது என்று பார்க்கக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி வைத்து, மருத்துவமனை வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் குண்டம்மா மட்டும்.

இன்றைக்கு இவ்வளவு பேர் வந்திருக்கிறோம். அந்த ஞாயிறுகளில் ஒன்றில் இதில் பாதிப் பேர் வந்திருக்கக் கூடாதா?

அம்மா விட்ட இடத்திலிருந்து என் பேத்தி தொடர்வாள். வருகிற ஞாயிறு அவள் கதவைத் திறப்பாள், கிண்ணம் நிறைந்திருக்கும். குண்டம்மா இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள், மாத்திரை தவறாமல் கொடுக்கிறேன். அவளைக் கூட்டிக்கொண்டு முதல் ஆளாக நான் வந்து நிற்பேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்த அந்த வாசலில், எனக்குப் பின்னால் நீங்கள் நிற்க வேண்டும்.