சமையல் குறிப்புக்குப் பூட்டு

எங்கள் வீட்டில் குளியலறைக்கு மட்டும்தான் தாழ்ப்பாள், இன்ஸ்பெக்டர் அம்மா. மற்றபடி ஒளிவு மறைவு கிடையாது. கூடத்துக் கம்ப்யூட்டரும் தம்பி, அவன் பெண்டாட்டி, நான் என்று மூன்று பேருக்கும் பொது. யார் எதைப் பார்த்தார்கள் என்று தினமும் ஒரு நோட்டம் விடுவேன். எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் எங்கள் பிரிண்டரில் ஒரே ஒரு தாள் எடுத்துப் போனார். அவருக்குச் சர்க்கரை எவ்வளவு என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

போன மாதம் 'சமையல் குறிப்பு' என்று ஒரு ஃபோல்டர் முளைத்தது. திறக்கப் போனால் பாஸ்வேர்ட் கேட்டது. நீங்களே சொல்லுங்கள், சமையல் குறிப்புக்கு யாராவது பூட்டுப் போடுவார்களா? அதுவும் அவள் கைப்பக்குவத்துக்கு?

"என்னடி, குறிப்புக்கெல்லாம் காவல் பலமா இருக்கு?" என்றேன்.

"சும்மா பழகிப் பாத்தேன் அண்ணி." கண் என் முகத்தில் நிற்கவில்லை.

"பழகு, பழகு. எங்களுக்கும் சொல்லிக் குடு."

அன்றிலிருந்து அவள் கம்ப்யூட்டரில் உட்காரும்போதெல்லாம் நான் பின்னால் துணி மடித்தேன். ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அழுத்துகிறவள். ஐந்தாம் நாள் பாஸ்வேர்ட் முழுவதும் பிடிபட்டுவிட்டது: அவள் அம்மா பெயர், கூடவே ஒரு வருஷம்.

உள்ளே படங்கள். தோள், முதுகு, கழுத்து. ஒவ்வொன்றுக்கும் தேதி. தம்பிக்குக் கோபம் வந்த நாட்கள் எனக்குத் தெரியாதா? தேதியெல்லாம் சரி; ஒன்றிரண்டை அவளே விட்டிருந்தாள். வக்கீலுக்கு எழுதிய கடிதம் இருந்தது. வியாழக்கிழமை காலை பஸ்ஸுக்கு டிக்கெட்டும் இருந்தது. ஒரே ஆள், போக மட்டும்.

அழித்திருக்கலாம்தான். அடுத்தவர் பொருளை அழித்து எனக்குப் பழக்கமில்லை. புதன்கிழமை சாயங்காலம், தம்பி வேலை விட்டு வரும் நேரத்துக்கு, எல்லாவற்றையும் திரையில் திறந்து வைத்தேன். நாற்காலியையும் இழுத்துப் போட்டேன். களைத்து வருகிறவன் நின்றுகொண்டா படிப்பான்?

அவள் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"மூடுங்க அண்ணி. அவர் பாத்தா என்னை உயிரோட விடமாட்டார். நாளைக்குக் காலையில போயிடறேன், உங்க கண்ணுலயே பட மாட்டேன்."

"கட்டினவனுக்குத் தெரியாம என்னடி ரகசியம்?" என்றேன். மௌஸ் என் கையில்தான் இருந்தது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. தம்பி நிதானமாக, கடைசிப் படம்வரை பார்த்தான். பிறகு அவளை உள்ளறைக்கு இழுத்துப் போனான். எல்லாம் கால் மணி நேரம் இருக்கும். அவள் அவனைக் கெஞ்சவில்லை, என்னைத்தான் கூப்பிட்டாள். நாலு தரம் கேட்டது. அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அவள் மேல் என் விரல்கூடப் படவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன், அவ்வளவுதான். குடும்ப விஷயம் பாருங்கள், அக்கம்பக்கத்தார் காதில் விழலாமா?