கயிறு கையில கீது

— ஹெல்மெட்டு வாரு தாடைக்குக் கீழ வரணும், செண்பகம். ரெண்டு வெரலு நொழையற எடம் வுட்டு மாட்டு.

— மாட்டிட்டேன், இம்மானுவேல் சார். இடுப்புல பெல்ட்டு, கையில கிளவுசு, தலையில இது. குரோட்டன்ஸுக்குத் தண்ணி ஊத்திக்கினு இருந்தவள ராக்கெட்டுல அனுப்பற மாதிரி கீது.

— சிரிக்காத. நாளைக்கு நீ மேல ஏறப் போறவ. இன்னிக்கு இந்தத் தூங்குமூஞ்சி மரத்துல நான் ஏறிக் காட்டறேன், நீ கீழ கயிறு புடி. கும்முடிப்பூண்டி கம்பெனிங்கள்ல இனிமே புல்லு மட்டும் வெட்டிக்கினு இருந்தா வேலைக்கு ஆவாது. பெரிய மரத்துல கெளை கழிக்கத் தெரிஞ்ச ஆளு கேக்கறான்.

— அதுக்குத்தான் சார், நானே ஆபீசுல போய்ப் பேரு குடுத்தேன்.

— குட். நோட் பண்ணிக்கோ. கெளைய மேலேருந்து அறுத்தா, ஒடியறப்ப பட்டையையும் உரிச்சிக்கினு வரும். மொதல்ல அடியில ஒரு வெட்டு. அப்புறந்தான் மேல.

— மொதல்ல அடியில. சரி.

— அத்த வுட முக்கியம், கொரலு. மேல கீறவன் ‘கயிறு’ன்னு கேப்பான். கீழ கீறவன் கயித்தப் புடிச்சிக்கினு ‘கையில கீது’ன்னு சொல்லணும். அந்தக் கொரலு வராம மேல கீறவன் கால நவுத்தக் கூடாது.

— ஏறு சார். நான் பாத்துக்கறேன்.

— ஏறிட்டேன். கெளை ரெண்டாப் பிரியற இந்தக் கவட்டைதான் பேஜாரு. மரத்தச் சுத்தின பெல்ட்டக் கழட்டினாத்தான் தாண்ட முடியும். திரும்ப மாட்டற வரைக்கும் உன் கயிறு ஒண்ணுதான் எனக்கு. கயிறு?

— கையில கீது.

— கழட்டிட்டேன். கயிறு? ... ஏ செண்பகம், கேக்கறேன் இல்ல? கயிறு?

— கேக்குது சார். எங்க ஊட்டுக்காரரும் இப்டித்தான் கேட்டாரு.

— யாரு உன் ஊட்டுக்காரரு?

— ஆசீர்வாதம். எளாவூராண்ட ரோட்டோரப் புளியமரம். ரெண்டு வருசம் ஆவுது. அன்னிக்குக் கீழ கயிறு புடிச்சவரு பேரு இம்மானுவேலு.

— இது வெளையாடற எடம் இல்லம்மா. கயித்த இழுத்துப் புடி.

— குடிச்சிட்டு ஏறினான், வுழுந்தான்னு ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தியே சார். அந்த வருச ஈஸ்டருக்குத்தான் கோயில்ல பைபிள் மேல கைய வச்சி குடிய வுட்டாரு அவரு. நீ எழுதின எழுத்தால, சத்தியத்த மீறினவன் என் புள்ளையே இல்லன்னு அவரப் பெத்த எங்க மாமியாரே சொல்லிடுச்சி. ரெண்டு கல்லறைத் திருநாளு போச்சி. மகன் கல்லறையில ஒரு மெழுகுவத்தி ஏத்தல அது.

— எதுவா இருந்தாலும் எறங்கி வந்து பேசிக்கலாம். இரு, பெல்ட்ட மாட்டிக்கறேன்.

— மாட்டிக்கயேன். அதுக்கு மரத்துலேருந்து ஒரு கைய எடுக்கணுமே. எடு பாக்கலாம்.

— த பாரு, ஷிப்டு சைரன் அடிச்சிடுச்சி. ஆளுங்க வருவாங்க.

— வரட்டும். கேண்டீனு இந்தப் பக்கந்தான். நான் இன்னா தப்பு பண்றேன்? ட்ரெய்னிங்கு எடுத்துக்கினு கீறேன்.

— வேணாம் செண்பகம். கீழ பாத்தா தல சுத்துது.

— பாக்காத. மரத்தக் கட்டிப் புடிச்சிக்க. எனக்கும் கை நோவுது. புதுக் கிளவுசு வேற, வழுக்குது.

— என் உசுரு போனா உனுக்கு இன்னா கெடைக்கும்?

— வயிறு எரியறது நிக்கும். நீ மேல, நான் கீழன்னு ரெண்டு வருசமா நெனச்சிக்கினு கீறேன். நோட்டீசு போர்டுல ட்ரெய்னிங்கு குடுக்கறவருன்னு உன் பேரப் பாத்த அன்னிக்குத்தான் நல்லா சோறு துன்னேன்.

— சரி, அவரு குடிக்கல. போதுமா?

— போதாது. யாரு குடிச்சிருந்தது?

— நான்தான்! கயிறுன்னு அவரு கேட்டாரு. நான் அந்தாண்ட நெழல்ல குந்திக்கினு ‘கையில கீது’ன்னு கத்தினேன். கயிறு தரையில கெடந்துச்சி. என் கொரல நம்பி பெல்ட்டக் கழட்டினாரு.

— அவரு வாயில சாராய வாடை எப்டி வந்துச்சி?

— வுழுந்தப்புறம் நான்தான் ஊத்தினேன். பாட்டில அவரு பாக்கெட்டுல வச்சதும் நான்தான். கால்ல வுழறேன் தாயி, எறக்கி வுடு.

— எறக்கறேன். அதுக்கு முன்ன இன்னொரு தபா, நல்லா கத்திச் சொல்லு சார். ஷிப்டு ஆளுங்க மொத்தப் பேருக்கும் கேட்டுச்சி. கேண்டீன்லேருந்து கரண்டியோட வந்து நிக்கற எங்க மாமியாருக்குத்தான் காது மந்தம்.