கார்த்திகையில் உடைந்த கரை

ஓடுகிறேன். இடுப்பில் மகள். கையில் ஒன்றும் இல்லை. பின்னால் எங்கள் கீழத்தெருக் கூரைகள் எரிகின்றன. மூங்கில் வெடிக்கிறது. டப். டப். முன்னால் வேறொரு சத்தம். குளம் வயலுக்குள் இறங்குகிறது.

"ஏட்டி பேச்சி, களத்துமேட்டுக்கு ஓடு! தண்ணி வருது!"

கத்தியது யாரென்று பார்க்கவில்லை. ஓடினேன்.

கார்த்திகை மாதம். பட்டப்பகல். சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் இருக்கும். சங்கரன்கோவிலுக்கு மேற்கே எங்கள் ஊர். மேலத்தெருவுக்கு நிலம். கீழத்தெருவுக்கு மண்வெட்டி. குளம் மட்டும் ரெண்டு தெருவுக்கும்.

அந்த வருஷம் எங்கள் ஆட்கள் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டார்கள். மேலத்தெரு மறுத்தது. நாங்கள் வேலைக்குப் போகவில்லை. வெளியூர் ஆட்களை வைத்து நட்டார்கள். கடையில் எங்களுக்கு உப்பு தரவில்லை. அவர்கள் தொழுவத்துக்கு நாங்கள் போகவில்லை. மேலத்தெருப் பெண்கள் முதல்முறையாகச் சாணி அள்ளினார்கள். நாங்கள் சிரித்தோம். அவர்கள் வைக்கோல்போர் ஒன்று எரிந்தது. எங்கள் பையன் ஒருத்தனைக் கட்டிவைத்து அடித்தார்கள். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் கூத்தாடிகூட வரவில்லை. உள்நாட்டுப் போருக்குப் பட்டாளம் வேண்டும் என்று நினைக்காதீர்கள். இவ்வளவு போதும்.

என் புருஷன் சுடலை குளத்துக்குக் காவல். மலையில் மழை. குளம் நிரம்பித் ததும்புகிறது. மடைக்குப் பக்கத்தில் கரை விரிசல் விடுவதைப் பார்த்தான். பறையை எடுத்து அடித்தான். இடைவெளி விடாத அடி. அதைக் கேட்டால் எந்தப் பகையில் இருப்பவனும் மண்வெட்டியும் கூடையுமாகக் கரைக்கு ஓட வேண்டும். எங்கள் ஊர் வழக்கம் அது.

எங்கள் ஆட்கள் ஓடினார்கள். கரைக்குப் போகும் பாதை மேலத்தெரு வழியாகத்தான். பறை முழங்குகிறது. கீழத்தெரு முழுக்க மண்வெட்டியோடு உள்ளே வருகிறது. இவ்வளவு பகைக்குப் பிறகு அவர்கள் வேறென்ன நினைப்பார்கள்?

"வெட்ட வாரானுவ! அருவாள எடுங்கலே!"

முதலில் ஒரு கல். பிறகு அரிவாள். எங்கள் ஆட்களும் வெட்டினார்கள். மறைக்க மாட்டேன்.

கரையிலிருந்து சுடலையின் குரல் கேட்டது.

"கரை போகுது வே! சண்டைய விடுங்க! கரை போகுது!"

யாரும் திரும்பவில்லை. சண்டை எங்கள் தெருவுக்கு இறங்கியது. கூரைகளுக்குத் தீ வைத்தார்கள். நான் மகளைத் தூக்கினேன். அப்போது பறை நின்றது. கரை உடைந்தது, அவனும் போனான் என்று புரிந்தது. அழுகை வரவில்லை.

களத்துமேட்டில் மேலத்தெருப் பெண்களும் பிள்ளைகளோடு நிற்கிறார்கள். அவர்களும் தண்ணீருக்குப் பயந்து வந்தவர்கள். பண்ணையார் மருமகள் என் பக்கத்தில். அவள் காலில் சேறு. என் காலிலும். அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் அவளைப் பார்க்கவில்லை. வெறுப்புகூட வரவில்லை. கீழே நட்ட பயிர் எல்லாம் தண்ணீருக்குள் போவதை எல்லோரும் சேர்ந்து பார்த்தோம்.

மறுநாள் சுடலை வயலில் கிடந்தான். வாயில் மண். உடம்பில் வெட்டு இல்லை. கரை அவனையும் கொண்டுபோயிருக்கிறது.

போலீஸ் வந்தது. மேலத்தெருவில் இத்தனை, கீழத்தெருவில் இத்தனை என்று பிரித்து எழுதியது. நான் சேர்த்தே சொல்கிறேன். கீழத்தெருவில் நிற்கிற வீடு ஒன்றும் இல்லை. வயலில் மிஞ்சிய நாற்று ஒன்றும் இல்லை. செத்தவர்கள் ஒன்பது பேர். அரிவாளுக்கு நாலு. மண்வெட்டிக்கு மூன்று. தண்ணீருக்கு ரெண்டு. அந்த ரெண்டில் ஒன்று, பண்ணையார் வீட்டுப் பேத்தி. இன்னொன்று என் புருஷன்.