என்ஜின் சூடாக்கும் பிளக்கில் மாட்டிய கார்

என் பெயர் குன்வோர் ருஸ்டெபாக்கன், வயது 61. நார்வே நாட்டு எல்வெரும் ஊரில், பியோர்க்லியா 14ஆம் எண் வீட்டில் கணவர் ஒட்வாருடன் வசிக்கிறேன். பள்ளிச் சமையல்கூடத்தில் வேலை. கீழ்த்தளத்தில் செவிலியர் சொல்ஃப்ரிட்டும் அவள் நான்கு வயது மகள் துவாவும் வாடகைக்கு இருக்கிறார்கள்.

ரத்தச் சுத்திகரிப்புக்காகக் கணவரை வாரம் மூன்று முறை ஹாமார் மருத்துவமனைக்கு நான்தான் அழைத்துப் போகிறேன். டிசம்பரில் டீசல் காரைக் கொடுத்துவிட்டு மின்சாரக் கார் வாங்கினேன். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்து, ஒயரிங் அறுபது வருடப் பழசு, தனி லைன் இழுக்காமல் சார்ஜ் போடக்கூடாது, தனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் நேரம் என்றார். அதன் பிறகு நான், டீசல் என்ஜினைச் சூடாக்க இருபது குளிர்காலம் பயன்படுத்திய கராஜ் பிளக்கிலேயே காரை மாட்டினேன். அந்தச் சூடாக்கி இரண்டு மணி நேரம்தான் ஓடும், கார் பன்னிரண்டு மணி நேரம் விடாமல் மின்சாரம் இழுக்கும் என்று என் புத்திக்கு எட்டவில்லை. பத்து ஆம்ப் ப்யூஸ் இரண்டு முறை போனது. அதன் பிறகு நிலவறைக்கு இறங்கிப் பதினாறு ஆம்ப் போட்டேன். அது உள்ளே உட்காராததால், பெரிய ப்யூஸ் நுழையாதபடி தடுக்கவென்றே அடியில் வைத்திருந்த வளையத்தைக் கழற்றி எறிந்தேன்.

வியாழக்கிழமை சொல்ஃப்ரிட் வந்து, "குன்வோர், துவா ரூம்ல கராஜ் பக்கச் சுவர் கதகதன்னு இருக்கு. பூனை அங்கயேதான் கெடக்குது. எங்களுக்குன்னு ரகசியமா ஹீட்டர் வெச்சிருக்கீங்களா?" என்று சிரித்தாள். "ஆமா, உனக்கு மட்டும்தான். யார்கிட்டயும் சொல்லிடாத" என்றேன். அதன் பிறகு கராஜுக்குப் போய் பிளக்கைத் தொட்டு, சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன். மறுநாள் ஹாமார் போக வேண்டியிருந்ததால் கழற்றவில்லை.

ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கராஜ் பக்கமிருந்து புகை வந்தது. வெளியே ஓடினேன். சொல்ஃப்ரிட் பனியில் வெறும் காலுறையுடன், துவாவைத் தூக்கிக்கொண்டு நின்றாள். குழந்தையின் மூக்கைச் சுற்றிக் கறுத்திருந்தது. குழந்தை அழவில்லை. அழமாட்டாளா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். "சுவர் சுடுதுன்னு சொன்னேனே" என்றாள் சொல்ஃப்ரிட். மருத்துவமனையில் துவாவுக்கு இன்னும் குழாய் வழியாகத்தான் மூச்சு.

ப்யூஸைத் தானே மாற்றியதாக ஒட்வார் போலீசிடம் சொல்லியிருப்பதாக அறிகிறேன். இரண்டு வருடமாக அவரால் நிலவறைப் படி இறங்க முடியாது.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன், நான் சொன்னபடியே உள்ளது. இப்படிச் சொல்லும்படி என்னை யாரும் பயமுறுத்தவில்லை. துவா இன்னும் கண் திறக்கவில்லையே என்ற பயம் மட்டும்தான்.

(ஒப்பம்) குன்வோர் ருஸ்டெபாக்கன்