மேச்சேரித் தாழி

எலும்புக்கு ஈரம் ஆகாது. அருங்காட்சியகத்தில் என் வேலையே பழம்பொருள்களைக் கெடாமல் காப்பதுதான். மேச்சேரிப் பக்கம் கிணறு வெட்டும்போது கிடைத்த தாழியைச் சுத்தம் செய்ததும் நான்தான். உள்ளே ஒரு பெண்ணின் எரிந்த எலும்புகள். அந்தக் காலத்தில் எரித்தபின் பொறுக்கித் தாழியில் இட்டுப் புதைத்திருக்கிறார்கள்.

என் மனைவி யாழினி மேட்டூரில் தனியே அறை எடுத்து வேலை பார்த்தாள். சில வாரம் வருவாள், சில வாரம் வரமாட்டாள். ஒருமுறை நான் தாழியருகே இருந்தபோது வந்து நின்றாள்.

"அவளத் தொடைக்கற பக்குவத்துல பாதியாச்சும் என்கிட்டப் பேசறதுல இருக்கட்டுமுங்க" என்றாள்.

போன ஆடியில் காய்ச்சலில் இறந்தாள். எலும்பு பொறுக்கிக் கலயத்தில் தந்தார்கள். மறுநாள் மோகனூரில் காவிரியில் கரைப்பதாக ஏற்பாடு. கலயத்தை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்றார்கள். அருங்காட்சியக ஆய்வறைச் சாவி என்னிடம் இருந்ததால் அங்கே, தாழிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

திறந்து பார்த்தேன். இரண்டு பேரின் எலும்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மாற்றினேன். சாம்பலை மட்டும் கலயத்திலேயே விட்டேன்.

ஆற்றில் நான் கரைக்கும்போது யாழினியின் அம்மா குப்பாயி கலயத்தைத் தொட்டு, "போயிட்டு வா சாமி" என்றார். அந்தப் பழைய பெண்ணுக்கும் யாராவது அப்படிச் சொல்ல வேண்டியதுதானே.

யாழினி கண்ணாடிப் பெட்டிக்குள் தாழியில் இருக்கிறாள். பள்ளிப் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்ப்பார்கள். அவர்கள் போனதும் துடைப்பேன். மதியச் சாப்பாடு அங்கேதான்.

அத்தை அமாவாசைதோறும் பட்டினி கிடந்து மோகனூருக்குப் போகிறார். போன மாதம் என்னைத் தேடி வந்தார்.

"தண்ணி தண்ணின்னு கனவுல கேக்கறாளுங்க மாப்பள. கரைச்சதுல ஏதாச்சும் கொற வெச்சுட்டமுங்களா?"

ஒரு குறையும் இல்லை என்றேன். பேருந்து ஏற்றிவிட்டுத் திரும்பி, பெட்டிக்குள் ஈரம் கூடியிருக்கிறதா என்று பார்த்தேன். கூடவில்லை.

காலம் கணிக்க ஒரு துண்டு வெட்டி அனுப்பச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. அவளை வெட்டுவார்கள் என்பதால்தான் மேலதிகாரியான உங்களிடம் இதைச் சொல்கிறேன்.

எடுத்து அத்தையிடம் கொடுத்துவிடு என்கிறீர்கள். எலும்பு உதிராமலிருக்க நாங்கள் பூசும் பிசின் எதுவும் பின்னால் நீக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது விதி. அவளுக்கு மட்டும் நீக்க முடியாததைப் பூசினேன். இனி எந்த ஆற்றிலும் கரையமாட்டாள். அது தெரிந்தேதான் செய்தேன்.

என்மேல் என்ன நடவடிக்கை வேண்டுமானாலும் எடுங்கள். பெட்டியை மட்டும் இங்கிருந்து நகர்த்தாதீர்கள். பாவம், நான் இல்லாமல் அவளால் இருக்க முடியாது.