வீட்டில் எல்லோரும் நலமா

காபியைக் குடியுங்கள், ஆறிவிடப் போகிறது. ஒஹையோவிலிருந்து ஒற்றை ஆளாகக் காரோட்டி வந்திருக்கிறீர்கள். கோரியின் அக்கா நீங்கள், தம்பியைக் கையோடு அழைத்துப்போக வேண்டும் என்கிறீர்கள். அதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பேஸ்பால் ஆட்டத்தில் நடந்ததைக் கேட்டால் நீங்களே மனம் மாறிவிடுவீர்கள்.

பதினேழுக்கு ஒன்று என்று தோற்றோம். பந்து போடும் பிட்சர் சொதப்பிவிட்டான், முதல் இன்னிங்ஸிலேயே ஆட்டம் கையைவிட்டுப் போய்விட்டது என்று பேப்பரில் எழுதினார்கள். சுத்த அநியாயம். அன்று கோரி போட்ட மாதிரி அந்த வருஷம் ஒருவனும் பந்து போடவில்லை. எதிரே குந்தியிருந்து அத்தனையும் பிடித்த கேட்சர் நான், எனக்குத் தெரியாதா?

அடுத்த பந்து வேகமாக வரவேண்டுமா, வளைந்து வரவேண்டுமா என்று பிட்சருக்கு விரலால் சைகை காட்டுவது கேட்சர். பேட்ஸ்மேனுக்கு அது தெரிந்தால் தீர்ந்தது கதை. எங்களுக்குள் இன்னொரு பழக்கமும் உண்டு. பேட்டோடு வந்து நிற்பவனிடம் கேட்சர் இரண்டு வார்த்தை நலம் விசாரிப்பான். அம்பயர் பின்னாலேயே நிற்பார், கண்டுகொள்ள மாட்டார்.

அன்று எதிரணிப் பையன்கள் பயிற்சி செய்யும்போது போய்ச் சொல்லிவைத்தேன். மனைவியை விசாரித்தால் வேகப்பந்து, பிள்ளைகளை விசாரித்தால் வளைபந்து. கல்யாணமே ஆகாதவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சும்மா கிடைப்பதை யார் வேண்டாம் என்பார்கள்? துவைத்து எடுத்துவிட்டார்கள். நடுவில் அம்பயர் குனிந்து, "உன்னை மாதிரி மரியாதை தெரிஞ்ச ஆளுங்க இப்ப எங்க இருக்காங்க, ஆர்லன்" என்றார். எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

காரணம் சொல்கிறேன். பெரிய அணியின் ஆள் ஒருவர் கோரியைப் பார்க்க வந்திருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் கோரி போய்விடுவான். என் மனைவி விட்டுப் போனபிறகு இந்த வீட்டில் பேச்சுக்குரல் என்று இருந்தது மாடியறையில் குடியிருந்த அவனுடையதுதான். அவனுக்குப் பிடித்த மாதிரி இறைச்சி சுட்டு வைப்பேன், அவன் வரும்வரை நான் சாப்பிட மாட்டேன். வெள்ளை மனசு அவனுக்கு. பெரிய ஊர்கள் கெடுத்துவிடும். ஒரே ஒரு ஆட்டம் மோசமாகப் போனால் இங்கேயே இருந்துவிடுவான் என்று நினைத்தேன். அவன்மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.

முந்தின நாள் ஆட்டம் இழுத்துக்கொண்டே போனதில் மாற்று பிட்சர்கள் எல்லோருக்கும் கை ஓய்ந்திருந்தது. அப்படிப்பட்ட நாளில், எவ்வளவு அடி விழுந்தாலும் ஆரம்பித்தவன்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் தொழிலில் அது எழுதாத சட்டம். மேனேஜர் ஹட்சின்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவனை வெளியே எடுக்கவில்லை. எடுக்க மாட்டார் என்று தெரிந்துதான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன்.

ஐந்தாவது இன்னிங்ஸில் பெரிய அணி ஆள் எழுந்து போய்விட்டார். என் மனம் நிறைந்துவிட்டது. கோரியைத் தேற்றலாம் என்று அவன் நின்று பந்து போடும் மேட்டுக்கு நடந்தேன். பார்த்தால், சிரித்துக்கொண்டிருந்தான்.

"என்ன கிழவா, மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வர்ற? ஆட்டத்துக்கு முன்னாடியே அவரு சொல்லிட்டாரு. இன்னைக்கு எப்படிப் போட்டாலும் செவ்வாக்கிழமை நான் கிளம்பறேன். ராத்திரி சாப்பிடறப்ப உன்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்."

"அப்படியாடா? ரொம்ப சந்தோஷம்."

"எல்லாம் உன்னாலதான்."

திரும்பி வந்து குந்தினேன். அடுத்து ஆட வந்தவன் கிரேடி, மாடு மாதிரி பலம். அவன் அடித்தால் பந்து வந்த வழியே பிட்சரை நோக்கித்தான் பாயும். அது தெரியாத கேட்சர் எங்கள் லீகில் கிடையாது. அவனுக்கு எப்போதும் ஓரத்தில்தான் பந்து கேட்போம். நான் கையுறையை நட்டநடுவில் வைத்து, வேகப்பந்துக்கு விரல் காட்டினேன். பிறகு கிரேடியிடம் அவன் மனைவியின் உடம்பு தேவலையா என்று கேட்டேன்.

கோரி கையை உயர்த்தக்கூட நேரமில்லை. ஒரு கண் அங்கேயே போயிற்று, இன்னொன்றில் நிழல்தான் தெரிகிறது. பந்து எங்கே போகும் என்று யாரால் சொல்ல முடியும்? மைதானத்தில் ஓடிப்போய் அவன் தலையை மடியில் எடுத்துக்கொண்டவன் நான் ஒருவன்தான்.

அன்றிலிருந்து குளிப்பாட்டுவது, சவரம் செய்வது, ஊட்டுவது எல்லாம் நானே. அவனுக்காக இவ்வளவு செய்ய உங்களால் முடியுமா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். அவன் உங்களோடு வர விரும்பவில்லை. வாய்விட்டுச் சொல்லவில்லைதான், அவன் மனம் எனக்குத் தெரியும்.

எழுந்திருக்காதீர்கள். மேலே அவன் தட்டுவது எனக்கும் கேட்கிறது. படியில் தவறி விழுந்துவிடக் கூடாதே என்றுதான் அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் வைத்திருக்கிறேன்.