ணங்குன்னு ஒரு சீட்டு

...வூட்ல ஒரு பாவாடைய காயப்போட கொடி இல்லன்னா அது என்னா வூடும்மா, நீயே சொல்லு! கொடி பூரா சீட்டு. துணி மாட்டுற கிளிப்பெல்லாம் சீட்டுக்கு. என் நைட்டி கதவு மேல தொங்குது. பஸ்ஸு ஜன்னல சாத்தாத, காத்து வரட்டும், எனக்கு காலையிலருந்தே படபடன்னு அடிச்சிக்குது. நீயும் சிதம்பரந்தானே? நல்லதாப் போச்சி.

எல்லாம் எம் பொண்ணு ஜெயஸ்ரீ பண்ற கூத்து. சிதம்பரத்துல பி.எச்.டி. படிக்கிறா. எதப் பத்தின்னு கேளேன்... நம்மூரு பீங்கான் பொம்மை கம்பெனி பொம்பளைங்களப் பத்தி! நான் முப்பத்தஞ்சி வருசமா அங்கதான் கெடக்குறேன், எனக்கு யாரும் டாக்டரு பட்டம் குடுக்கல. ஹா!

மூணு வருசம் எழுதினாம்மா. மொத அத்தியாயம் இது, ரெண்டாவது அதுன்னு முன்னாடியே கட்டம் போட்டுக்கிட்டு எழுதினா. அவ கைடு மேடம் திருப்பித் திருப்பி அனுப்பிட்டாங்க. 'அச்சு நல்லாத்தான் இருக்குது, உள்ள ஊத்தின மண்ணத்தான் காணம்'னாங்களாம். எங்க தொழில வெச்சே திட்டியிருக்காங்க பாரு!

ரெண்டு நாளு சோறு திங்கல. மூணாம் நாளு எழுந்து, 'அம்மா, இனிமே கட்டமே போட மாட்டேன். யாரு என்ன சொல்றாங்களோ அத சீட்டுல எழுதி மாட்டிடுவேன். எது எதோட சேருதோ சேரட்டும். அத்தியாயம் தானா வரும்'ங்கிறா. தானா வர்றதுக்கு அது என்னாடி, தலையில ஊர்ற பேனான்னேன். கேட்டாளா? சிலத இவ எழுதுவா, சிலத அந்தப் பொம்பளைங்க கையாலயே எழுதி வாங்கியாருவா. முந்நூறு சீட்டு!

போன மாசம் வெள்ளையடிக்க ஆளு வந்துச்சி. நான் என்னா பண்ணேன், அத்தனையும் கழட்டி சாக்குல போட்டுட்டேன். சிரி, சிரி. ஆளு போனப்புறந்தான் சாக்க அவுத்துப் பாத்தேன். எது எங்க இருந்துச்சின்னு யாரு கண்டா?

எனக்குத் தெரிஞ்சது ஒன்னுதாம்மா. கம்பெனியில இப்ப எனக்கு தரம் பிரிக்கிற வேல. சூளையிலருந்து வந்த பொம்மைய நகத்தால தட்டுவோம். ணங்குன்னா நல்லது. டொக்குன்னா உள்ளுக்குள்ள விரிசல், கண்ணுக்குத் தெரியாது. அதே மாதிரி ஒவ்வொரு சீட்டா எழுத்துக்கூட்டி சத்தமா படிச்சேன். எங்கூட வேல செய்ற கொளஞ்சி அவ புருசனப் பத்தி சொன்னது... ணங்! சூப்பர்வைசரு தேவநாதன் 'நாங்கெல்லாம் ஒரே குடும்பம்'னு சொன்னது... டொக்! ணங்கெல்லாம் ஒரு கொடி, டொக்கெல்லாம் ஒரு கொடி.

வந்தா. ஜெயஸ்ரீ கத்தின கத்துல எதுத்த வூட்டு நாயி ஓடிப்போச்சி. அப்பறம் கொடியவே பாத்துக்கிட்டு நின்னா... நின்னா... அப்படியே தரையில உக்காந்து எழுத ஆரம்பிச்சவதான். பதினோரு நாளு! நாந்தான் ஊட்டி வுட்டேன். மேடம் படிச்சிட்டு 'இப்பத்தான்டி சத்தம் கேக்குது'ன்னாங்களாம். வந்து என்னத் தூக்கிச் சுத்தினா பாரு, எழுவது கிலோம்மா நான்!

அதோட வுட்டுதா? ணங் கொடியில இருந்த மொத சீட்டுல வந்துச்சி வென. அந்தச் சீட்டுலருந்துதான் ஆராய்ச்சியவே ஆரம்பிச்சிருக்கா. அதுல பேரில்ல. ஒருத்தங்க பேச்ச போடணும்னா அவங்க சம்மதிச்சி கையெழுத்து போடணுமாம். இல்லாட்டி எடுத்துடணும். எடுத்தா மொத அத்தியாயம் மொத்தமும் சரிஞ்சிடுமாம். எட்டு நாளா அலையறா. கம்பெனி கம்பெனியா போனா. வேலைய வுட்டு நின்னவங்கள தேடி நல்லூரு போனா, வேப்பூரு போனா. நேத்து காலு பூரா கொப்புளம். 'அம்மா, உனக்குத் தெரியாதவங்களா? யாரும்மா இது?'ன்னா. ரசம் பொங்குதுடின்னு நான் அடுப்பாண்ட போயிட்டேன்.

ஆராய்ச்சிய குடுக்க இன்னிக்கு சாயங்காலம் நாலு மணிதான் கடைசி. 'எடுத்துடறேம்மா'ன்னு சொல்லிட்டு காலையில ஆறு மணி பஸ்ஸுக்கே போயிட்டா.

அந்தச் சீட்டுல என்னா எழுதியிருக்குதா? மனப்பாடமா சொல்றேன் கேளு. 'ஆறாவதோட நின்னேன். பொம்மைக்கு கண்ணு எழுத ஆளு பத்தலன்னு கூப்ட்டாங்க. மொத நாளு எழுதின மொத கண்ணு கோணிப்போச்சி. யாரும் பாக்கல, வித்துட்டாங்க. அந்தப் பொம்ம யாரு வூட்ல ஒக்காந்து என்னத் தேடுதோ.'

...நல்லா இருக்குதா? நெசமாவா? சும்மா சொல்லாத!

ஏம்மா அப்பிடிப் பாக்குற... ஆமா. ஆமா, நாந்தான்! ஊர்ல இருக்கிற பொம்பளையெல்லாம் கேட்டாளே, பெத்தவள ஒரு வார்த்த கேட்டாளா? அந்தக் கோவம். வெத்துச் சீட்டு ஒன்னு கெடந்துது, எழுதி ணங் கொடியில முன்னாடி மாட்டிட்டேன். எம் எழுத்த அவ எங்க பாத்திருக்கா? ரேஷன் கடையிலகூட எனக்கு கையெழுத்து கெடையாது, வெரலு வெக்கிறதுதான். நேத்தே சொல்லியிருக்கலாம்... அம்மா எழுதினதெல்லாம் ஆராய்ச்சியில செல்லாதுன்னுட்டா? அந்தப் பயந்தான். காலையில அவ போற போக்கப் பாத்துட்டு வேலைக்கு லீவு சொல்லி அடுத்த பஸ்ஸ புடிச்சிட்டேன்.

பேனா வெச்சிருக்கியா? இந்த டிக்கெட்டு பின்னால கையெழுத்த ஒருவாட்டி போட்டுப் பழகிக்கிறேன். ஆ...னந்...த...வல்...லி... அய்யய்ய, பஸ்ஸு ஆட்டுன ஆட்டுல கோணிப்போச்சி பாரு!

இரு இரு, கோடு போட்டு அடிக்காத. கோணலா இருந்தாத்தான் அவ நம்புவா.